சுத்தியல் தடம்: செம்புத் தகட்டிலிருந்து விலைச்சீட்டு வரை

அத்தியாயம் 4

அச்சில் வெட்டிய நகையையும் கையால் அடித்த நகையையும் பார்த்தவுடன் பிரித்துச் சொல்ல வைப்பது மேற்பரப்புதான். வழுவழுப்பான வட்டத் தகட்டை இயந்திரம் வெட்டித் தள்ளிவிடும். விலையில் அதோடு போட்டி போட யாராலும் முடியாது. அதே வட்டத்தில் சுத்தியல் தடம் நெருக்கமாக விழுந்திருந்தால், ஒவ்வொரு குழியும் வெளிச்சத்தை வேறொரு பக்கம் திருப்பும். காதில் ஆடும்போது அது மின்னும் விதமே வேறு. தடத்தை எப்படி விழச் செய்வது, பின்வரும் வேலைகளில் அது அழியாமல் எப்படிக் காப்பது, அதற்கு உரிய கூலியை விலையில் எப்படிச் சேர்ப்பது என்பதுதான் இந்த அத்தியாயம். கை நன்றாக ஓடுகிறவர்கள்கூடக் கோட்டை விடுவது கூலிக் கணக்கில்தான். அதனால் அதற்கும் போதிய இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

பாடத்துக்கு ஒரு ஜோடி செம்புத் தொங்கட்டானை எடுத்துக்கொள்வோம். விட்டம் 30 மி.மீ., கனம் 0.7 மி.மீ. கடையில் 22 கேஜ் என்று கேட்டால் இந்தக் கனம் கிடைக்கும். இந்த வட்டம் ஒன்று ஏறத்தாழ 4.4 கிராம் இருக்கும். அதே அளவை 925 வெள்ளியில் செய்தால் 5.1 கிராம் வரும். ஒரு காதுக்கு 7 கிராமைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போனால் வாங்கியவர் ஒரு கல்யாணத்துக்குப் போட்டுவிட்டுப் பெட்டியில் வைத்துவிடுவார். இரண்டாவது ஜோடி கேட்டு வரமாட்டார்.

தகட்டை எடைக்குத்தான் விற்பார்கள். ஓர் அடிச் சதுரம் சுமார் 580 கிராம் நிற்கும். வட்டங்களை நெருக்கமாகக் குறித்தால் அதில் 40 ஜோடி எடுக்கலாம். மிஞ்சும் துண்டு துணுக்கு 200 கிராமுக்கு மேல் தேறும். அதைக் குப்பையில் போடாமல் ஒரு டப்பாவில் சேர்த்து வையுங்கள். பாத்திரக் கடையிலும் பழைய செம்பு எடுப்பவரிடமும் அதற்கு விலை உண்டு.

முதலில் இளக்குங்கள்

கடையிலிருந்து வரும் தகடு உருளைகளுக்கு நடுவே நசுங்கி வந்தது. பெரும்பாலும் விறைப்பாக இருக்கும். அதன் மேல் அடித்தால் தடம் ஆழமாக விழாது, சுத்தியல் துள்ளும். எனவே முதல் வேலை காய்ச்சி இளக்குவது. விளக்கை அணைத்து, மங்கலான வெளிச்சத்தில் கேஸ் டார்ச்சின் சுடரைத் தகட்டின் மேல் சுற்றிச் சுற்றிக் காட்டுங்கள். ஓரம் முதல் நடு வரை மங்கிய சிவப்பு பரவியதும் சுடரை எடுத்துவிடலாம். பளிச்சென்ற ஆரஞ்சு வரை போக வேண்டியதில்லை. செம்பு உருகுவது 1,085 டிகிரியில் என்பதால் உங்களுக்கு நிறைய இடைவெளி உண்டு. 925 வெள்ளி 800 டிகிரியை ஒட்டியே தளரத் தொடங்கிவிடும். அதில் மெத்தனம் கூடாது.

எஃகைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் கெட்டிப்படும். செம்பு அப்படியில்லை, சூட்டோடு தண்ணீரில் போட்டாலும் மெதுவாகவே இருக்கும், மேலே படிந்த கரியும் பொருக்குப் பொருக்காக உதிரும். பித்தளையை மட்டும் சிவப்பு முழுக்க அடங்கிய பிறகே நனையுங்கள், இல்லாவிட்டால் விரிசல் விடும். பித்தளையை அதிகமாகக் காய்ச்சினால் துத்தநாகம் புகையாக வெளியேறும், அது மூச்சுக்கு நல்லதல்ல. ஜன்னல் திறந்திருக்க வேண்டும். நைலான் புடவையும் நைலான் சுடிதாரும் அடுப்பங்கரையிலேயே ஆபத்து. டார்ச் பக்கம் வேண்டவே வேண்டாம்.

மீதிக் கறுப்பைப் போக்க ஒரு லிட்டர் வெந்நீரில் 60 கிராம் எலுமிச்சை உப்பு போதும். மளிகைக் கடையில் சிட்ரிக் ஆசிட் என்று கேட்டாலும் இதையே தருவார்கள். புளிக்கரைசலும் இதே வேலையைச் செய்யும், நேரம்தான் கூடுதலாகும். இந்தக் கரைசலுக்குள் இரும்புச் சாமணத்தை விடாதீர்கள். கரைசலில் ஏற்கெனவே கரைந்திருக்கும் செம்பு, இரும்பு பட்டதும் திரும்ப வந்து உங்கள் வெள்ளி நகையின் மேல் சிவப்பாகப் படிந்துவிடும். ஒரு மூங்கில் குச்சி போதும்.

அடி

சுத்தியலின் முகத்தை முதலில் பாருங்கள். அதில் ஒரு கீறல் இருந்தால் அந்தக் கீறல் ஒவ்வோர் அடியிலும் தகட்டில் பதியும். 220, 400, 800, 1,200 என்று உப்புத்தாளில் படிப்படியாகத் தேய்த்து, கடைசியில் கண்ணாடி போல முகம் தெரியும் வரை பாலிஷ் போடுங்கள். அடியில் வைக்கும் எஃகுக் கட்டிக்கும் இதே மரியாதை செய்ய வேண்டும், ஏனென்றால் நகையின் பின்பக்கம் அதன் மேல்தான் படுத்திருக்கிறது. இந்தச் சுத்தியலால் ஆணி அடிக்க வீட்டில் யாரையும் விடாதீர்கள்.

எஃகுக் கட்டியை ஒரு புளியங்கட்டையின் மேல் வைத்து, கட்டைக்குக் கீழே மணல் மூட்டை போட்டால் சத்தம் பாதியாவது அடங்கும். அடுக்குமாடிக் குடியிருப்பில் இது தொழில் நுட்பத்தைவிட முக்கியம். கீழ்வீட்டுக்காரரின் பொறுமை தீர்ந்தால் தொழிலும் தீர்ந்தது. மதியம் இரண்டு முதல் நான்கு வரை அடிக்காமல் இருப்பது நல்லது.

தொடக்கத்துக்குப் பால் பீன் சுத்தியல் ஒன்று போதும்: ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் உருண்டை. உருண்டைப் பக்கத்தால் அடியுங்கள். பிடியின் நுனியைத் தளர்வாகப் பிடித்து, மணிக்கட்டிலிருந்து அடி வரட்டும். தோளிலிருந்து வந்தால் அரை மணியில் கை விட்டுவிடும். ஓர் அடியின் குழி பக்கத்துக் குழியின் மேல் மூன்றில் ஒரு பங்கு ஏறட்டும். நடுவே தட்டையான இடம் திட்டுத் திட்டாக விட்டுப்போனால் வேலை அரைகுறையாகத் தெரியும். பலமாக அடித்து ஆழம் தேடுவதைவிட, லேசாக நிறைய அடிகள் விழுவதே அழகு. சீராக அடிக்கத் தொடங்கியதும் சத்தம் மாறுவது கேட்கும். மந்தமாக ஒலித்த தகடு, அடி ஏற ஏறக் கணீரென்று ஒலிக்கும். உலோகம் இறுகிவிட்டது என்று பொருள். மேலும் ஆழம் வேண்டுமென்றால் அங்கே நிறுத்தி, மீண்டும் காய்ச்சுங்கள்.

இந்த இறுக்கம் நமக்குச் சாதகமானதுதான். மெல்லிய தகடும் அடி வாங்கியபின் வளையாமல் நிற்கும். பித்தளைக் குடத்தின் மேல் வரிசை வரிசையாக இருக்கும் தடம், குடம் நசுங்காமல் இருக்க அடித்ததன் அடையாளம். அழகு அதோடு சேர்ந்து வந்தது. பஞ்சாபில் அமிர்தசரஸ் பக்கம் ஜண்டியாலா குருவில் தத்தேராக்கள் செம்பு, பித்தளைப் பாத்திரங்களை இப்படித்தான் அடித்து முடிக்கிறார்கள். அந்தக் கைவேலை 2014-ல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் சேர்ந்தது.

அடிபட்ட முகம் விரிவதால் தகடு அந்தப் பக்கமாகப் புடைத்துக்கொண்டு எழும். கவலைப்பட வேண்டாம். மரப்பலகையின் மேல் கவிழ்த்துப் போட்டு, கொட்டாப்புளியால் பின்பக்கத்தில் தட்டினால் சமனாகிவிடும். இரும்புச் சுத்தியலால் சமன் செய்யப் போனால் அவ்வளவு நேரம் போட்ட தடமும் நசுங்கிவிடும்.

முதலில் அடித்துவிட்டு வட்டம் வெட்டுவதா, வெட்டிவிட்டு அடிப்பதா? இரண்டும் சரிதான், ஆனால் விளைவு வேறு. அடிக்க அடிக்கத் தகடு பரவும். வெட்டிய வட்டத்தை அடித்தால் ஓரம் நெளிந்து, வட்டம் முட்டை வடிவத்துக்குப் போகும். இரண்டு காதும் ஒரே அளவில் வேண்டுமென்றால் முதலில் அடித்து, பிறகு வட்டம் குறித்து ரம்பத்தால் அறுங்கள். ஓரத்தில் சிறு நெளிவு இருக்கட்டும், அதுவே அழகு என்று நினைத்தால் வெட்டிவிட்டு அடியுங்கள். எனக்குப் பிடித்தது இரண்டாவது. ஆனால் விற்பனைக்கு முதல் வருடம் முதலாவதையே சொல்வேன், ஏனென்றால் ஜோடி பொருந்தவில்லை என்ற புகாரோடு பொருள் திரும்பி வராது.

வேறு தடங்களும் உண்டு. கான்கிரீட் ஆணியின் முனையை அரத்தால் பிறை, கோடு, புள்ளி என்று தீட்டிக்கொண்டால் அதுவே பஞ்ச் ஆகிவிடும். பக்கத்தில் ஆசாரி பட்டறை இருந்து, அங்கே தகடு இழுக்கும் ரோலிங் மிஷின் இருந்தால், கூலி கொடுத்துத் தகட்டோடு சாக்குத் துணியையோ உலர்ந்த அரச இலையையோ சேர்த்து விட்டுப் பாருங்கள். இலையின் நரம்பு முழுதும் பதியும். இலை நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், ஈரம் பட்டால் உருளை துருப்பிடிக்கும். கம்பி வலை, உப்புத்தாள் போன்ற கெட்டியான எதையும் இரண்டு தகடுகளுக்கு நடுவே மறைத்து வைக்காமல் விடவே கூடாது. உருளையில் விழும் கீறல் அந்த ஆசாரியின் சோற்றில் விழும் கீறல். தஞ்சாவூர்த் தட்டில் காண்பது போலத் தகட்டைப் புடைத்து உருவம் எடுக்கும் வேலைக்கு அரக்குப் படுக்கையும் பல உளிகளும் வேண்டும். அதை இந்தப் புத்தகத்தில் கற்றுத்தர முடியாது, ஒரு குருவிடம் உட்கார வேண்டும்.

துளை, கறுப்பு, கொக்கி

வெட்டிய ஓரத்தை அரத்தால் ராவி, விரலை ஓட்டிப் பாருங்கள். எங்கேயாவது தடுக்கினால் அது கழுத்தையும் கீறும், துப்பட்டாவையும் இழுக்கும். துளை ஓரத்திலிருந்து 2 மி.மீ. உள்ளே இருக்கட்டும். ஆணி முனையால் சிறு குழி தட்டிவிட்டு அதன் மேல் துளையிட்டால் துரப்பணம் வழுக்காது.

இப்போது தடத்தை எடுத்துக் காட்டும் வேலை. இதற்கு ரசாயனக் கடைக்குப் போக வேண்டாம். ஒரு முட்டையை நன்றாக வேகவைத்து, சூடாக இருக்கும்போதே நசுக்கி, மூடி இறுக்கமான டப்பாவில் போட்டு, பக்கத்தில் அதன்மேல் படாதபடி நகையை வையுங்கள். வெந்த முட்டையிலிருந்து வரும் கந்தக வாயு செம்பையும் வெள்ளியையும் கறுக்க வைக்கும். அரை மணிக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். வெள்ளி முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு பழுப்பு, நீலம், கடைசியில் கறுப்பு என்று நிறம் ஏறும். பித்தளை இதற்கு அவ்வளவாக மசியாது. பிறகு மெல்லிய உப்புத்தாளால் மேலோட்டமாக ஒரு தேய். குழிகளில் கறுப்பு தங்கும், மேடுகள் மட்டும் பளபளக்கும். அதுவரை சாதாரணமாக இருந்த தகட்டில் ஒவ்வோர் அடியும் தனித்தனியாக எழுந்து நிற்பதைப் பார்ப்பீர்கள். மோட்டார் பஃப்பில் கொடுத்துப் பாலிஷ் போடுவதைத் தவிருங்கள். பஃப் குழியையும் மேட்டையும் ஒன்றாக்கிவிடும். கடைசியில் கொஞ்சம் தேன்மெழுகு தடவி, துணியால் துடைத்தால் போதும்.

கொக்கிக்கு 0.8 மி.மீ. 925 வெள்ளிக் கம்பி. காதுக்குள் போகும் நுனியை ராவி உருட்டுவதில் கஞ்சத்தனம் வேண்டாம். செம்புக் கொக்கியைக் காதுத் துளையில் போடக் கொடுக்காதீர்கள். ஜெர்மன் சில்வரும் வேண்டாம். அதில் வெள்ளி கிடையாது, செம்பும் துத்தநாகமும் நிக்கலும் சேர்ந்த கலவை அது, நிக்கல் ஒத்துக்கொள்ளாதவருக்குக் காது புண்ணாகும். நம் ஊர்ப் பெண்கள் பலருக்குக் கொக்கி பிடிக்காது, திருகாணிதான் நம்பிக்கை. ஆகவே பாதி ஜோடிகளைத் திருகு வைத்துச் செய்யுங்கள். திருகைப் பற்றவைக்க வேண்டி வரும். பற்றுப்பொடி வாங்கும்போது காட்மியம் கலக்காதது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். கேடிஎம் என்ற பெயரில் தங்க நகையில் புழங்கியது அந்தக் காட்மியம்தான். அதன் புகை செய்கிறவரின் நுரையீரலைக் கெடுக்கும். ஐரோப்பாவுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால், அங்கே நகையின் உலோகப் பாகத்தில் காட்மியம் 0.01 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நிக்கலுக்கும் கடுமையான வரம்பு இருக்கிறது.

பற்றவைக்கப் பயமாக இருப்பவர்கள் அதனால் தொழிலைத் தள்ளிப்போட வேண்டாம். அமெரிக்கச் சிற்பி அலெக்சாண்டர் கால்டர் (1898–1976) சுமார் 1,800 நகைகள் செய்தார். பெரும்பாலும் பித்தளைக் கம்பியைச் சுத்தியலால் தட்டி, சுருட்டி, தறையாணி அடித்து இணைத்தவை. அவற்றின் அடித்தடம் இன்றும் அருங்காட்சியகங்களில் பார்க்கக் கிடைக்கிறது. வளையமும் கொக்கியும் தறையாணியும் வைத்தே ஒரு முழு வரிசை நகை செய்யலாம்.

விலை

கண்காட்சியில் முதல் வாடிக்கையாளர் கையில் எடுத்ததும் கேட்பது, “கிராம் என்ன விலைம்மா? சேதாரம் எவ்வளவு?” என்றுதான் இருக்கும். தங்கக் கடையில் பழகிய கேள்வி அது, அவர் மேல் தப்பில்லை. இதற்குப் பதில் சொல்லி முடிக்கத் தெரியாதவர் நட்டத்தில்தான் விற்பார். “இது எடைக்கு விற்கிற நகை இல்லைங்க, ஜோடிக்கு விலை. இந்த ஒரு வட்டத்தில் முந்நூறு அடி இருக்கும், தடவிப் பாருங்க” என்று கையில் கொடுங்கள். விரலால் தடவியவர் எடையைப் பிறகு பேசுவது குறைவு. வெள்ளி நகைக்கு மட்டும் சீட்டில் எடையையும் தரத்தையும் எழுதிவிட்டு, விலையை ஜோடிக்கே போடுங்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்கு மட்டும். உங்கள் ஊர் விலையை நிரப்பிக்கொள்ளுங்கள். செம்பு, வெள்ளிக் கொக்கி, அட்டை, டப்பா எல்லாம் சேர்த்து 200 ரூபாய். கேஸ், ரம்ப இழை, உப்புத்தாள் தேய்மானம் 25. ஒரு ஜோடிக்கு 50 நிமிடம் ஆகிறது, மணிக்கு 180 ரூபாய் கூலி என்றால் 150. அடக்கம் 375 ரூபாய். அதன் மேல் கால்பங்கு லாபம் வைத்தால் கடைக்காரருக்குக் கொடுக்கும் விலை 470. வாடிக்கையாளர் கையில் போகும் விலை அதன் இருமடங்கு: 940, அதாவது 950.

இருமடங்கா என்று மலைக்க வேண்டாம். கடைக்காரர் 40 சதவீதம் எடுத்துக்கொண்டால் உங்களுக்கு வருவது 570 தான். நீங்களே நேராக விற்கும்போதும் மேசை வாடகை, ஆட்டோ, இரண்டு நாள் நின்ற நேரம், படம் எடுத்துப் போட்ட நேரம் எல்லாம் அந்த இடைவெளியிலிருந்துதான் வர வேண்டும். கூலியை எழுதாமல் பொருள் விலையோடு நூறு ரூபாய் சேர்த்து விற்கிறவர்கள், தம்மோடு கூடவே அதே வேலை செய்யும் மற்றவர்களின் கூலியையும் கீழே இழுக்கிறார்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். வீட்டிலிருந்து செய்வதால் உங்கள் நேரத்துக்கு விலை இல்லாமல் போய்விடாது.

கடையில் 950-க்குத் தொங்கும் பொருளைக் கண்காட்சியில் 600-க்கு விற்காதீர்கள். அந்தக் கடைக்காரர் மறுபடி உங்களிடம் வாங்கமாட்டார். விற்றபின் பணம் என்ற ஏற்பாட்டில் பொருள் வைத்தால், எத்தனை ஜோடி, என்ன விலை, எந்தத் தேதிக்குள் கணக்கு என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். தெரிந்தவர்தானே என்று விடுவது அந்த உறவுக்கும் நல்லதல்ல.

எங்கே விற்பது, எதைச் சொல்லி விற்பது

சென்னையில் மார்கழிக் கச்சேரிக் காலம், எல்லா ஊரிலும் நவராத்திரி, தீபாவளிக்கு முந்தைய வாரங்கள். கையடித் தடத்தை ரசித்து வாங்குபவர்கள் கூடும் காலம் அது. முட்டுக்காடு தட்சிணசித்ரா போன்ற இடங்களில் கைவினைச் சந்தைகள் நடக்கும். மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கைவினை ஆணையர் அலுவலகம் தரும் கைவினைஞர் அடையாள அட்டை இருந்தால் அரசுக் கண்காட்சிகளுக்கு விண்ணப்பிக்க வழி உண்டு. உத்யம் பதிவுக்குக் கட்டணம் இல்லை. அதற்குப் பணம் கேட்கும் இணையதளம் அரசுடையது அல்ல. தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்பவர், ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டும் வரை பொதுவாக ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. இணையச் சந்தை வழியாக வெளிமாநிலத்துக்கு அனுப்பத் தொடங்கினால் விதிகள் மாறும். ஒரு கணக்காளரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். வெள்ளியில் 925 என்று முத்திரை குத்தும் முன், தகடு வாங்கிய ரசீதில் அந்தத் தரம் எழுதியிருக்க வேண்டும்.

படம் எடுக்கும்போது ஃபிளாஷ் வேண்டாம். நேராக விழும் வெளிச்சத்தில் குழிகள் எல்லாம் மறைந்து தகடு தட்டையாகத் தெரியும். காலை நேரத்தில் ஜன்னல் பக்கம் நகையை வைத்து, வெளிச்சம் பக்கவாட்டில் வரும்படி எடுங்கள். ஒரு படம் மிக நெருக்கமாக, ஒரு படம் காதில். காதில் போட்ட படம் இல்லாவிட்டால் அளவை எத்தனை முறை எழுதினாலும் “சின்னதா இருக்கே” என்று பொருள் திரும்பி வரும்.

ஒவ்வொரு டப்பாவிலும் ஒரு சிறு சீட்டு வையுங்கள். செம்பு வியர்வை பட்டால் தோலில் பச்சைக் கறை விடும், சோப்பு போட்டால் போய்விடும் என்பதைச் சொல்லிவிடுங்கள். முக்கியமாக, புளியோ எலுமிச்சையோ பாத்திரப் பொடியோ போட்டு விளக்க வேண்டாம் என்று பெரிய எழுத்தில் எழுதுங்கள். குத்துவிளக்கு விளக்கிய கை, கறுத்த செம்பைப் பார்த்தால் சும்மா இருக்காது. குழியில் தங்கிய கறுப்பு ஒரே தேய்ப்பில் போய்விடும். அப்படி விளக்கிவிட்டு வருத்தத்தோடு வருபவருக்கு மறுபடி கறுப்பேற்றிக் கொடுங்கள், காசு வாங்க வேண்டாம். அவர் அடுத்த முறை தங்கையோடு வருவார்.

ஒற்றைத் தோடு தொலைந்துவிட்டது, ஒன்று மட்டும் செய்து தர முடியுமா என்ற கேட்பு அடிக்கடி வரும். அதற்காகவே ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு சிறு தகட்டுத் துண்டில் தடத்தை அடித்து, எந்தச் சுத்தியல், என்ன கனம், அடிக்கும் முன் வெட்டியதா பின் வெட்டியதா என்று பின்னால் கீறி வைத்துக்கொள்ளுங்கள். ஒற்றைக்கு ஜோடி விலையில் பாதி வாங்குவது கட்டாது. ஒன்றுக்காக டார்ச்சும் கரைசலும் முட்டையும் முதலிலிருந்து எடுக்க வேண்டும். அறுபது சதவீதம் கேளுங்கள், மிச்சமிருக்கும் தோட்டையும் அனுப்பி வைக்கச் சொல்லுங்கள். இரண்டையும் ஒரே டப்பாவில் வைத்துக் கறுப்பேற்றினால்தான் நிறம் பொருந்தும்.